மரத்தில் தொங்கும் இது மரத்தைக் கொல்லுமா? ஃப்ளோரிடாவின் ப்ரோமிலியாட்கள்

கேள்வி, பிப்ரவரி 9

ஃப்ளோரிடாவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். கொல்லையில் பெரிய லைவ் ஓக் மரம். கிளையெல்லாம் சாம்பல் நிறத்தில் சடைசடையாக ஏதோ தொங்குகிறது. அடிக்கிளைகளில் நீள நீள இலையோடு கொத்தாகச் சில செடிகள். புல்லுருவி என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் உள்கிளைகள் சில காய்ந்துபோய்விட்டன. மரம் வெட்டுகிறவர் மொத்தத்தையும் வழித்து எடுத்துவிடலாம் என்கிறார். எடுத்துவிடலாமா?

பிப்ரவரி 9, இரவு

வேண்டாம், ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இது புல்லுருவி இல்லை. புல்லுருவி மரத்துக்குள்ளேயே வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். இவை மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் தொற்றுத்தாவரம் என்று வாண்டாவைப் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்த வகை. வேர் பிடிமானத்துக்கு மட்டும். சடையாகத் தொங்குவது ஸ்பானிஷ் மாஸ். பெயரில்தான் பாசி, மற்றபடி பூத்து விதைக்கிற செடி, அன்னாசிக் குடும்பம். அந்தக் குடும்பத்துச் செடிகளைத்தான் ப்ரோமிலியாட் என்பார்கள். வளர்ந்த பிறகு அதற்கு வேரே கிடையாது, எதை வைத்து உறிஞ்சும்?

சாட்சி வேண்டுமென்றால் தெருவுக்கு வந்து மின்கம்பியைப் பாருங்கள். உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருப்பது பால் மாஸ், இதன் அண்ணன் தம்பி. கம்பியில் என்ன சாறு இருக்கிறது? அதிலேயே பூத்து, விதைத்து, குஞ்சு குளுவானோடு குடித்தனம் நடத்துகிறது.

காய்ந்த உள்கிளை விஷயம்: அடர்ந்த ஓக்கில் வெயில் படாத உள்கிளைகளை மரம் தானாகவே கைவிடும். இலை உதிர்ந்த கிளையில் வெளிச்சம் விழுகிறது, பட்டை அசையாமல் இருக்கிறது, காற்றில் வந்த விதை அங்கே தங்குகிறது. நாம் பார்ப்பதற்குள் கிளை செத்திருக்கும், மேலே செடி செழித்திருக்கும், பழி செடி மேல் விழும். மரம் முழுவதும் நொந்துபோய் இலை குறைந்திருந்தால் இன்னும் அதிகமாகப் படரும். அப்போது வேரையும் மண்ணையும் பார்க்க வேண்டுமே தவிர சடையை அல்ல.

பிப்ரவரி 11

மேலே ஒரேயடியாக அடித்துச் சொன்னதில் ஒரு சிறு பிற்சேர்க்கை. மழையில் நனைந்த ஸ்பானிஷ் மாஸ் நல்ல கனம். ஏற்கெனவே பலவீனமான கிளை அந்தக் கனத்தோடு காற்றில் முறியலாம். நடைபாதைக்கு மேல், வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேல் அப்படிக் கிளை இருந்தால் அங்கே மட்டும் கையால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். முழு மரத்தையும் மொட்டையடிக்கப் பணம் கேட்கிறவர் உங்கள் மரத்துக்கு வைத்தியம் பார்க்கவில்லை, தன் சம்பளத்தைப் பார்க்கிறார்.

பிப்ரவரி 12

"அப்போ சாப்பாட்டுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இதை எழுதத்தான் எனக்கு ஆசை.

ஒரு நூல் ஸ்பானிஷ் மாஸை எடுத்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். சாம்பல் நிறம் இலையின் நிறமே இல்லை. இலை முழுக்கச் செதில்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன, அதன் வெளிறல்தான் அது. இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கண்ணெதிரே அந்த இடம் பச்சையாகும். செதிலின் மேல்தட்டு செத்துப்போன செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது உள்ளே காற்று, அதனால் வெள்ளை. நனைந்ததும் அந்த வெற்றுச் செல்கள் தண்ணீரை வாங்கி உப்பி, கீழே இருக்கும் உயிருள்ள காம்புச் செல்கள் வழியாக இலைக்குள் அனுப்புகின்றன. காய்ந்ததும் தட்டு மடங்கி மூடிக்கொள்ளும். உள்ளே போன தண்ணீர் அதே வழியில் லேசில் வெளியேறாது. மழையில் கரைந்து வரும் தூசி, மேல் இலைகளிலிருந்து கழுவப்பட்டு வரும் கால்சியம், மக்னீசியம், இதெல்லாம்தான் சாப்பாடு. லைவ் ஓக்கும், சதுப்பில் வளரும் சைப்ரஸ் மரமும் இதற்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் இந்தக் கழுவல் நீர்.

இதன் மறுபக்கம்: எப்போதும் ஈரமாகவே இருந்தால் செத்துவிடும். செதில்மேல் தண்ணீர்ப் படலம் நிற்கும்வரை கரியமில வாயு உள்ளே போக முடியாது. ஏர் பிளான்ட் என்று கடையில் விற்கும் இந்த வகைச் செடியை வாங்கிவந்து கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து தினமும் தண்ணீர் தெளித்து அழுகவைக்கிறவர்கள் இதைப் படிக்கவும். நனைய வேண்டும், அப்புறம் சில மணி நேரத்தில் காற்றாட உலர வேண்டும்.

இன்னொன்று, பகலில் இது மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். இலைத்துளைகள் இரவில்தான் திறக்கும். இரவில் வாங்கிய வாயுவை அமிலமாகச் சேர்த்துவைத்து மறுநாள் வெயிலில் செலவழிக்கும். நம் ரணகள்ளியும் இதே ஜாதி வேலைதான் செய்கிறது. அதன் இலை காலையில் புளிப்பு, மாலைக்குள் சப்பென்று ஆகிவிடுகிறது என்று இந்தியாவில் இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் மென்று பார்த்துக் கடிதம் எழுதினார், 1815இல் வெளியானது. ஸ்பானிஷ் மாஸை மெல்ல வேண்டாம். நார் பல்லில் மாட்டும்.

பிப்ரவரி 13

அந்த நாரைத்தான் ஒரு காலத்தில் மெத்தைக்கும் கார் இருக்கைக்கும் அடைத்தார்கள். லூசியானாவிலும் ஃப்ளோரிடாவிலும் அது ஒரு தொழிலாகவே நடந்தது. வெளித்தோலை அழுகவிட்டு எடுத்தால் உள்ளே கறுப்பாக, குதிரைமயிர் தடிமனில் நார் மிஞ்சும்.

பூச்சி கடிக்குமா என்று கேட்டவருக்கு: தரையில் விழுந்து கிடப்பதை அள்ளித் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிப்பு தரும் சிவப்புச் சிற்றுண்ணிகள் தரையிலிருந்துதான் ஏறும். மேலே தொங்குவதில் குடியிருப்பவர்கள் வேறு. செமினோல் வௌவால் பகலில் உள்ளே தூங்கும். பெலக்ரினா டில்லான்சியே என்ற குதிக்கும் சிலந்திக்கு வீடே இதுதான். பாருலா என்ற சிட்டு சடைக்குள்ளேயே கூடு கட்டும். மொத்தத்தையும் வழித்தெடுப்பதில் இதெல்லாமும் சேர்த்தி.

பிப்ரவரி 20

ஃபகஹாச்சி போய்விட்டு வந்தேன். தென்மேற்கு ஃப்ளோரிடாவில், எவர்கிளேட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற சதுப்புக் காடு. மரத்தில் வாழும் ப்ரோமிலியாட்களை அவற்றின் சொந்த இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் இந்த மாநிலத்தில் அங்கேதான் போக வேண்டும்.

முதலில் சைப்ரஸ் வரிசை, அதில் வெயில் பிரியர்கள். மேலே போகப்போக விறைப்பான இலைகொண்ட டில்லான்சியா ஃபாசிகுலாட்டா (ஸ்பானிஷ் மாஸும் டில்லான்சியாதான்), சிவப்பும் மஞ்சளுமாகப் பூந்தண்டை நீட்டிக்கொண்டு. அப்புறம் ஆள் இறங்கும் ஆழமான நீர்த்தடம், அங்கே ஸ்லூ என்பார்கள். ஜீன்ஸோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும், கையில் தடி, அடிக்கு அடி தரையைத் தட்டிப் பார்த்துப் போக வேண்டும். நடுவே பாப் ஆஷும், சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த பாண்ட் ஆப்பிளும் வளைந்து நெளிந்து நிற்கின்றன. அந்த வளைவுகளில்தான் குஸ்மானியா மோனோஸ்டாக்கியா என்ற ப்ரோமிலியாட். இலை மெலிசு, பளபளவென்ற பச்சை, செதில் அதிகம் தெரியாது. பூந்தண்டில் பச்சைச் செதிலிதழ்கள், ஒவ்வொன்றிலும் கரும்பழுப்புக் கோடுகள் பேனாவால் இழுத்த மாதிரி நேராக. நுனிக்குப் போகும்போது ஆரஞ்சுச் சிவப்பு.

இவ்வளவு மெலிசான இலை ஏன் இங்கே மட்டும்? நேரில் நின்றால் உடம்புக்கே தெரியும். கரையில் குளிர்காற்று சட்டைக்குள் போகிறது, ஸ்லூவுக்குள் காற்று நின்று வெதுவெதுவென்று இருக்கிறது. தண்ணீர் பகல் சூட்டை வைத்திருந்து இரவில் விடுகிறது, உறைபனி உள்ளே வருவதில்லை, வறண்ட மாதங்களிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. செடிக்கு வீடு மரம் என்று நினைக்கிறோம். உண்மையில் தண்ணீருக்கு மேலே இருக்கிற அந்தக் காற்றுதான் வீடு, மரம் உட்காரும் திண்ணை மட்டுமே. அதனால்தான் 1940களிலும் 50களிலும் பெரிய சைப்ரஸ்களை வெட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு போன பிறகும், தண்ணீர் மிஞ்சிய இடங்களில் செடிகள் பிழைத்தன. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்த இடத்தில் மரம் நின்றாலும் பயனில்லை. நாம் இப்போது நடக்கும் பாதைகள் பல அந்த ரயில் பாதைகள்தான்.

பிப்ரவரி 21

எத்தனை வகை என்றால், ஃப்ளோரிடாவின் சொந்த இனங்கள் 16. டில்லான்சியா 12, காட்டோப்சிஸ் 3, குஸ்மானியா 1. இதில் டில்லான்சியா சிமுலாட்டா ஃப்ளோரிடாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. எல்லாமே மரத்தில் வாழ்பவை.

காட்டோப்சிஸ் பெர்டெரோனியானா என்று ஒன்று, இலையடியில் வெள்ளை மாவு பூசியிருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். அந்த மாவில் கால் வழுக்கி, இலையடியில் தேங்கும் தண்ணீருக்குள் விழும் பூச்சிகள், இப்படித் தண்ணீர் தேக்கும் மற்ற செடிகளைவிட இதில் அதிகம். பூச்சி தின்னிகள் பட்டியலில் சேர்க்கலாமா என்று தாவரவியலாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சேர்க்க ஆசைதான், ஆனால் செடி தானே செரிமானச் சாறு சுரக்க வேண்டும் என்ற விதியைக் கறாராக வைத்தால் இது தேறாது.

மார்ச் 2

இவற்றில் கொசு வளராதா என்ற கேள்வி. எப்படியும் வரும் என்று தெரியும், வந்துவிட்டது.

தொட்டி போல இலையடியில் தண்ணீர் தேக்கும் இனங்களில் கொசுப்புழு இருக்கும், உண்மை. ஃப்ளோரிடாவின் காட்டுச் செடிகளில் பெரும்பாலும் வையோமையா என்ற கொசு வகைதான், கடிக்கும், ஆனால் டெங்கு பரப்புகிறவன் அவன் இல்லை. பயப்பட வேண்டியது நகரத்தில் தரையில் வரிசையாக நட்டுவைக்கும் அலங்கார ப்ரோமிலியாட்கள், பிரேசில் வம்சத்தவை. 2016இல் கொசு பரப்பும் ஜிகா நோய் வந்தபோது மயாமி பீச் நகராட்சி பொதுத் தோட்டங்களிலிருந்து பிடுங்கியது அவற்றைத்தான். வீட்டில் அப்படி வைத்திருந்தால் வாரம் ஒருமுறை குழாயைப் பீய்ச்சிப் பழைய தண்ணீரை வெளியே தள்ளுங்கள், அல்லது பிடிஐ என்ற பாக்டீரியாக் குருணை போடுங்கள். கொசுப்புழுவைக் கொல்லும், செடிக்கும் தவளைக்கும் ஒன்றும் ஆகாது.

ஆனால் "ப்ரோமிலியாட் மலேரியா" என்பது கட்டுக்கதை இல்லை. டிரினிடாடிலும் தெற்கு பிரேசிலின் சாண்டா கட்டரினாவிலும் மலேரியா பரப்பிய அனாஃபிலிஸ் கொசு குட்டையில் வளரவில்லை, மரத்தின் மேலிருந்த இந்தத் தொட்டிகளில்தான் வளர்ந்தது. குட்டையை மூடிமூடிப் பார்த்தும் காய்ச்சல் குறையவில்லை என்றால் காரணம் தலைக்கு மேல் இருந்தது. டிரினிடாடில் கொக்கோவுக்கு நிழல் தந்த மரங்களில் மயில்துத்தக் கரைசல் தெளித்தார்கள். மயில்துத்தம் என்றால் செம்பு. ப்ரோமிலியாடுக்குச் செம்பு ஆகாது, மரத்துக்கு ஒன்றும் பெரிதாக ஆகாமல் செடி மட்டும் சாகும். பிரேசிலில் ஆட்களை ஏற்றிக் கையாலேயே பிடுங்கினார்கள்.

மார்ச் 3

கொசுவை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாவம். 1913இல் கோஸ்டா ரிகாவின் உயிரியலாளர் க்ளோடோமிரோ பிகாடோ இந்தத் தொட்டிகளுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று உட்கார்ந்து எடுத்து, சுமார் 250 விலங்கினங்களைப் பட்டியலிட்டார். ஜமைக்காவில் ஒரு நண்டு, மெட்டோபாலியாஸ் டிப்ரெஸ்ஸஸ், கடலுக்கே போகாமல் இலையிடுக்குத் தண்ணீரில் குஞ்சு வளர்க்கிறது. தாய் நண்டு அழுகல் இலைகளை வெளியே எடுத்துப் போடும், நத்தை ஓடுகளைக் கொண்டுவந்து உள்ளே போடும். ஓட்டின் சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் அமிலம் குறையும், குஞ்சுகளின் ஓட்டுக்கும் கால்சியம் கிடைக்கும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் வாயைப் பிளக்கலாம்.

மார்ச் 9

"மரமே இல்லாத இடத்தில் இவை வளருமா?" என்று கேட்டிருக்கிறார்கள். வளரும். சிலியின் அட்டகாமாவில் டில்லான்சியா லாண்ட்பெக்கி வெறும் மணலில் பட்டை பட்டையாகக் கிடக்கிறது. மழை கிடையாது. கடலிலிருந்து வரும் மூடுபனியை அதே செதில்கள் வாங்கிக்கொள்கின்றன. வேர் பேருக்குத்தான். மரத்தில் தொங்கப் பழகிய உடம்பு பாலைவனத்துக்கும் சரிப்பட்டது ஆச்சரியமில்லை. கிளையின் மேலும் மண் கிடையாது, மழை நின்ற மறுமணி நேரமே வறட்சிதான்.

இந்தியாவில் காட்டு ப்ரோமிலியாட் உண்டா என்றால், கிடையாது. மொத்தக் குடும்பமும் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம். மூவாயிரத்துக்கும் மேல் இனங்கள். ஒன்றே ஒன்று, பிட்கெய்ர்னியா ஃபெலிசியானா, மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் இருக்கிறது, அதுவும் பாறையில். அன்னாசியே நமக்குக் கப்பலில் வந்த விருந்தாளிதான்.

ஏப்ரல் 6

இத்தனை நாள் தள்ளிப்போட்ட விஷயம். மரத்தை இவை கொல்லுமா என்று ஆரம்பித்தோம். இவற்றைக் கொல்வது எது என்று யாருமே கேட்கவில்லை.

மெட்டமாசியஸ் கல்லிசோனா, மெக்சிகோக் கூன்வண்டு. தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டுக்குச் சொந்தக்காரன், வேலையும் அதே வேலை: குருத்து. உருவம் சிறியது, கறுப்பு, முதுகில் குறுக்கே மஞ்சள் பட்டை. 1989இல் ஃப்ளோரிடாவின் ப்ரவார்ட் மாவட்டத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள். வந்த வழி, மெக்சிகோவின் வெராக்ரூஸிலிருந்து விற்பனைக்கு இறக்கிய ப்ரோமிலியாட் சரக்கு.

தாய் வண்டு இலையடியைக் கீறி முட்டை வைக்கும். புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே போய் வளரும் நுனியைத் தின்றுவிடும். வெளியே பல நாள் ஒன்றும் தெரியாது. நடு இலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கொத்தாகக் கையோடு வரும், அடிப்பக்கம் பழுப்பாக, சக்கை சக்கையாக, சில சமயம் பிசின் மாதிரி கொழகொழவென்று. அப்புறம் மொத்தச் செடியும் மரத்திலிருந்து தொப்பென்று விழும்.

அதிகம் அடிவாங்கியது டில்லான்சியா உட்ரிகுலாட்டா. பெரிய தொட்டிச் செடி, ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். விதையிலிருந்து பூக்க 10, 20 ஆண்டு எடுத்துக்கொள்ளும். ஒரே ஒருமுறை பூத்து, ஆயிரக்கணக்கில் பஞ்சு விதைகளைப் பறக்கவிட்டுச் செத்துவிடும். வாழையாவது பக்கக்கன்று விட்டுப் போகும், ஃப்ளோரிடாவின் உட்ரிகுலாட்டா பெரும்பாலும் அதுவும் விடாது. வண்டுக்கோ பெருத்த தண்டுதான் பிடிக்கும். ஆக, பூக்கும் வயதை எட்டும் செடியாகப் பார்த்துப் பார்த்துத் தின்கிறது. முதலீடு முதிர்வதற்கு முந்தைய நாள் வந்து அள்ளிக்கொண்டு போகிறவன் இவன். ஃபாசிகுலாட்டாவும் சாகிறது, ஆனால் கன்று விடுவதால் கொஞ்சம் சமாளிக்கிறது. இரண்டையும் மாநிலம் அழியும் நிலையில் உள்ளவை என்று அறிவித்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் களை மாதிரி மலிந்து கிடந்த செடிகள் இவை.

ஸ்பானிஷ் மாஸுக்கும் பால் மாஸுக்கும் ஆபத்தில்லை. புழு நுழைய அவற்றின் தண்டில் இடமே இல்லை. எல்லோரும் திட்டுகிற இரண்டு மட்டும் சௌக்கியம்.

ஏப்ரல் 8

மருந்தடிக்கலாமே என்கிறார்கள். மர உச்சியில், தண்ணீருக்கு மேல், காடு முழுக்க யார் ஏறி அடிப்பது? அடித்தால் தொட்டிக்குள் இருக்கும் அத்தனையும் போகும்.

இயற்கை எதிரியைத் தேடினார்கள். ஹோண்டுராஸில் இதே வகைக் கூன்வண்டுப் புழுவுக்குள் வளரும் ஒரு ஈ கிடைத்தது, லிக்ஸாட்மோண்டியா ஃப்ராங்கி. வளர்த்து 2007 முதல் ஃப்ளோரிடாவில் விட்டார்கள், ஆனால் நிலைக்கவில்லை. இப்போது நடப்பது கைவேலை: உட்ரிகுலாட்டாவைச் சுற்றி வண்டு நுழையாத வலைக்கூண்டு போட்டு, பூத்து விதைக்கும்வரை காப்பது, விதையைத் திரும்பக் காட்டிலேயே தூவுவது. எறும்பு வேகம்தான். ஆனால் ஒரு செடி விதைத்தாலே ஆயிரக்கணக்கு என்பதால் நான் நம்பிக்கை இழக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வண்டின் மேல் அவ்வளவாக இல்லை. அது தன் ஊரில் தன் எதிரிகளோடு இருந்தது. அழகாக இருக்கிறதே என்று பெட்டி பெட்டியாகச் செடியை ஒரு காட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நகர்த்தியவர்கள் கூடவே அதையும் நகர்த்தினார்கள். இந்த இழையில் "காட்டில் வீணாகக் கிடக்கிறது, எடுத்து வந்து காப்பாற்றலாமே" என்று எழுதியவருக்கும் இதே பதில். பிப்ரவரி 20 குறிப்பைத் திரும்பப் படியுங்கள். அந்தக் காற்றை எந்தப் பையில் போட்டு எடுத்து வருவீர்கள்?

மே 30

நேற்றைய புயல்மழையில் விழுந்த செடியை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பூங்காவிலும் தேசியக் காடுகளிலும் விழுந்தது என்றாலும் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் அழியும் நிலைப் பட்டியலில் உள்ள செடியை எடுக்க நில உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியும் மாநில அனுமதிச் சீட்டும் வேண்டும்.

உங்கள் கொல்லையில் விழுந்ததென்றால் முதலில் அடியைப் பாருங்கள். கிளை முறிந்து விழுந்ததா, குருத்து கழன்று விழுந்ததா? நடு இலை உறுதியாக இருந்தால் அதே மரத்தில், அதே உயரத்தில், இலைத்தொட்டி மேல்நோக்கி இருக்கும்படி பழைய பனியன் துணி அல்லது காலுறையைக் கிழித்துக் கட்டுங்கள். வேர் பிடித்ததும் துணி தானாக நைந்துவிடும். செம்புக் கம்பி கூடவே கூடாது, டிரினிடாட் ஞாபகம் இருக்கட்டும். பட்டை உரியும் மரமும் வேண்டாம். கம்போ லிம்போவின் செம்பட்டை தாள்தாளாக உரிந்து செடியையும் சேர்த்துத் தள்ளிவிடும். பைனும் அப்படியே.

நடு இலை கையோடு வந்தால் மரத்தில் திரும்பக் கட்டாதீர்கள். இலையைப் பிரித்துப் புழுவைத் தேடி நசுக்குங்கள். நாரால் பின்னிய கூடு இருந்தால் அதையும். மிச்சத்தைப் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல.

ஜூன் 12

முதலில் கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். சடை அப்படியே இருக்கிறது, நல்லது. அடிக்கிளைக் கொத்தில் ஐந்தாறு ஃபாசிகுலாட்டா. ஒன்று தனியாக, அகலமான மெத்தென்ற சாம்பல்பச்சை இலை, பக்கத்தில் கன்று எதுவும் இல்லை: உட்ரிகுலாட்டாதான், பூக்க இன்னும் பல வருடம் இருக்கிறது. நீங்கள் வழித்தெறிய நினைத்தது அதையும் சேர்த்துத்தான்.

உரம் போடலாமா என்றால், வேண்டாம். கூண்டு போடலாமா என்றால், போடலாம், ஆனால் வண்டு ஏற்கெனவே உள்ளே இல்லை என்று உறுதியான பிறகு. இல்லாவிட்டால் உள்ளே வைத்துப் பூட்டின கதைதான். மாதம் ஒருமுறை நடு இலையை ஆட்டிப் பாருங்கள், பிடுங்குகிற அளவுக்கு இல்லை, லேசாக. இன்னும் சில உட்ரிகுலாட்டா வாங்கி மரத்தில் ஏற்றலாமா என்று கேட்டீர்களே, விதையிலிருந்து வளர்த்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், வந்ததும் நேராக மரத்தில் ஏற்றாமல் சில வாரம் வலைக்குள் தனியாக வைத்துப் பாருங்கள்.